குறுக்கிடாத வகுப்பு

செவ்வாய்க்கிழமை காலை ஸ்ரீரங்கத்தில் என் வங்கிக் கிளையில், நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு ரேகை வைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை செய்ய வேண்டிய காரியம் அது. வலது கட்டைவிரலை இயந்திரம் ஏற்கவில்லை. "வேற விரல் வைங்கம்மா" என்றார் கவுண்டரில் இருந்த பெண். அடுத்த விரலை வைத்தபோது கைப்பையில் போன் அடித்தது. திரையில் ஜாபர் என்று பெயர் வந்தது. பேராசிரியர் ஹமீதா பானு அவர்களின் தம்பி. அந்த நேரத்தில் கடையை விட்டு அவர் யாரையும் கூப்பிடுகிறவர் அல்லர். எடுக்காமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுக்காத வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு நினைப்பு.

"டீச்சர், அக்கா மௌத்தாயிட்டாங்க. காலைல டீ குடிச்சாங்க. அப்புறம் கூப்பிட்டா பதில் இல்ல. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கிறோம். வந்துடுங்க."

ஐந்து மாதமாக வரும் வரும் என்று இருந்த செய்திதான். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வரலாற்றுத் துறையின் முன்னாள் மாணவர்கள் இந்த அஞ்சலியை எழுதச் சொன்னார்கள். படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப் பேர் அவர் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். இரு தரப்பாருக்கும் அவரை உள்ளபடி சொல்ல முயல்கிறேன். அதோடு அவருடைய கடைசி வகுப்பில் என்ன நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதில் ஒரு தவறு நடந்தது. செய்தவள் நான். ஆனால் ஒரு மாணவி அதைத் தன் தவறு என்று எண்ணிச் சுமந்துகொண்டிருக்கிறாள். அதை அவளிடமிருந்து இறக்கி வைக்க எனக்குத் தெரிந்த வழி, எல்லோரும் படிக்கும்படி எழுதுவதுதான்.

ஹமீதா எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது நான் அங்கே ஏழு ஆண்டுகள் பாடம் நடத்தியிருந்தேன். எனக்கு நவீன இந்தியா. அவருக்கு இடைக்காலத் தென்னிந்தியா. பாலக்கரைப் பக்கம் வீடு. மெல்லிய குரல், ஆனால் கடைசி வரிசை வரை கேட்கும். முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அவர் ஒரு செமினார் தொடங்கினார். முதல் நாளே ஒரு தாளை எல்லோர் கையிலும் கொடுத்தார். ஒரே பக்கம். அந்தத் தாள் கடைசி வரை பெரிதாக மாறவில்லை.

வாரம் ஒரு கல்வெட்டு. அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் அவர் அறை வாசலில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். தாமதமானாலும் வாங்கிக்கொள்வார்; ஆனால் மறுநாள் முதலில் பேசுகிறவர் அந்தத் தாமதக்காரராகத்தான் இருப்பார். எழுதியதை எழுதியவர் பேசக் கூடாது. ஒருவர் தாளை ஹமீதா இன்னொருவரிடம் கொடுத்துவிடுவார். வாங்கியவர் அதைத் தன் கருத்துப் போல நின்று வாதாட வேண்டும். எழுதியவர் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும்.

"மேடம், இவன் எழுதினதை நான் எப்படி மேடம் சரின்னு சொல்றது? இவனுக்கே இது சரின்னு தோணலயே" என்று ஒருமுறை ஒரு மாணவர் புலம்பினார்.

"அப்ப உங்களுக்கு அவரைவிட வேலை அதிகம். எந்திரிங்க" என்றார் ஹமீதா.

பங்கேற்புக்கு மதிப்பெண் உண்டு என்று தாளில் இருந்தது. அதன் கீழே ஒரு வரி: 'வந்து உட்கார்வது பங்கேற்பு ஆகாது. நாற்காலியும் அதைத்தான் செய்கிறது.'

கடைசி விதிதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். பேசுகிறவர் நடுவில் நின்றுவிட்டால் யாரும் சொல் எடுத்துக்கொடுக்கக் கூடாது. அவராகத் தொடரும் வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். ஆசிரியரும்தான்.

இந்த விதி என்ன செய்தது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். செமினார் தொடங்கிய இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ தொட்டியத்திலிருந்து தனலட்சுமி என்று ஒரு பெண் வந்தார். வாழை விவசாயம் செய்கிற குடும்பம். மற்ற வகுப்புகளில் அந்தப் பெண் ஒரு சொல் தொடங்குவார். பேச்சு ஓடும் பிள்ளைகள் வாக்கியத்தை முடித்துவிடுவார்கள். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்வார். என் வகுப்பிலும் அப்படித்தான். ஹமீதாவின் வகுப்பில், ஏரிப் பாசனம் பற்றிய ஒரு கல்வெட்டுக்காக எழுந்து நின்றவர், "அதுல வந்து..." என்று தொடங்கி நின்றுவிட்டார். நான்கு நிமிடம். சிலர் நெளிந்தார்கள். ஹமீதா ஜன்னலைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தனலட்சுமி சொன்னார்: "தண்ணிப் பங்கு யார் யாருக்குன்னு கல்லுல இருக்கு மேடம். மடையைத் திறக்கிறது யாருன்னு இல்ல. எங்க ஊர்லயும் அதை யாரும் எழுதி வைக்க மாட்டாங்க. ஏன்னா, அந்த ஆளு யாருன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால எழுதாததுதான் அதுல பெரிய விஷயம்." அந்தக் கல்வெட்டை நானும் படித்திருக்கிறேன், பலமுறை. எனக்குத் தோன்றவில்லை.

துறையில் இதைக் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். "என்ன மேடம், இன்னைக்கும் உங்க வகுப்புல மௌன அஞ்சலியா?" என்று கேட்டார் ஒரு மூத்த பேராசிரியர்.

"பேச்சு செத்தாத்தான் சார் அஞ்சலி. இங்க பேச்சு பிறக்குது. பிரசவத்துக்குக் கொஞ்சம் நேரமாகும்."

சிரித்தோம்.

என்னையும் அவர் விட்டு வைக்கவில்லை. "வசந்தாக்கா, நீங்க கேள்வியும் கேட்டு, பதிலும் சொல்லி, சபாஷும் போட்டுக்கிறீங்க. பிள்ளைங்க எதுக்கு வரணும்?" என்றார். கோபம் வந்தது. அடுத்த வாரம் கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஒரு நிமிடம் காத்திருப்பது எத்தனை கடினம் என்பதை அன்றுதான் அறிந்தேன். அதன் பின் பழகியது. மிக நன்றாகவே பழகிவிட்டது.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு வேலை கொடுத்தார். "பின்னாடி உட்காருங்கக்கா. யார் எவ்வளவு நேரம் பேசுறாங்க, எங்க நிக்கிறாங்கன்னு ஒரு நோட்டுல குறிங்க. நான் பேச்சைக் கவனிக்கணும், நேரத்தை நீங்க கவனிங்க." அப்படி வியாழன்தோறும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன். ஆறு ஆண்டுகள். விதியைக் காப்பவள் என்று பிள்ளைகள் என்னை வைத்துவிட்டார்கள். யாராவது குறுக்கிட வாயெடுத்தால் நான் கையை உயர்த்துவேன். உடனே அடங்கிவிடுவார்கள். இந்தக் கையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஆண்டு மாசியில் மாணவர்களை ஸ்ரீரங்கம் கோயிலுக்கு அழைத்து வந்தார். ஆண்டுதோறும் வருவதுதான். வெளித் திருச்சுற்றில் மதில் கல்வெட்டுகளைத் தாமே படிக்க வைப்பார். கோயில் அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் அவரைப் பார்த்தால் விடமாட்டார். "வாங்கோ, இந்த வருஷமும் குழந்தைகளைக் கூட்டிண்டு வந்துட்டேளா? பெருமாள் சேவை பத்து நிமிஷம், உங்க கல்லு சேவை மூணு மணி நேரம்" என்று சிரித்தார்.

சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரு கொடைக் கல்வெட்டின் முடிவு. அறத்துக்குக் கேடு செய்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று அங்கங்கே கற்களில் வருமே, அந்தச் சாப வாசகம். ஹமீதா டார்ச் அடித்து விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தார். "கங்கைக் கரையில்..." என்றவர் நின்றுவிட்டார். வாய் அசைந்தது. ஒலி வரவில்லை. மாணவர்கள் வழக்கம் போலக் காத்திருந்தார்கள். நானும். டார்ச் அவர் வலது கையிலிருந்து நழுவிக் கல் தரையில் உருண்டது. அவர் குனிந்து இடது கையால் எடுத்தார். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் தூங்குவது போல இருந்தது. அரை நிமிடம் இருக்கும். பிறகு, "காராம்பசுவை... அது ஓடிப்போச்சு, பிடிச்சுட்டு வந்துட்டேன்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்னாச்சு ஹமீதா?"

"காலைல சாப்பிடலக்கா."

"கை?"

"மரத்துப்போச்சு. இப்ப சரியாயிடுச்சு, பாருங்க." விரல்களை மடக்கிக் காட்டினார். "ஜாபர்கிட்டச் சொல்லிடாதீங்க. அவன் ஆஸ்பத்திரியில படுக்க வச்சிடுவான். செமஸ்டர் முடியட்டும், நானே போறேன். சத்தியமா."

சரி என்றேன்.

பிறகும் வந்தது. பங்குனியில் மாணவர்கள் தாள்களில் அவர் எழுதிய குறிப்புகள் வலது ஓரத்துக்குப் போகப் போகக் கீழே சரிந்தன. நேர்கோட்டில் எழுதுகிறவர் அவர். ஒரு நாள் ரேவதி என்ற மாணவியை இரண்டு முறை "தனலட்சுமி" என்று கூப்பிட்டார். தனலட்சுமி படித்து முடித்துப் பல ஆண்டுகள் ஆயிற்று. பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. எனக்குத் தெரியும். நோட்டில் குறித்துக்கொண்டேன். குறிப்பதோடு என் வேலை முடிந்துவிட்டதாக நினைத்தேன் போலும்.

ரேவதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னார்புரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். நாக்கு மனத்துக்கு முன்னால் ஓடும். முதல் மாதத்தில் மட்டும் மூன்று பேர் வாக்கியத்தை முடித்து வைத்து, மூன்று முறை கண்டிக்கப்பட்டாள். "மேடம், என் நாக்கைக் கட்டிப்போட்டுட்டு இதுக்கு செமினார்னு பேர் வச்சிருக்கீங்க" என்பாள். ஹமீதா, "கட்டல ரேவதி, பழக்குறேன். கன்னுக்குட்டிக்கும் முதல்ல அப்படித்தான் தோணும்" என்பார். குறுக்கிடாமல் இருக்க அந்த வகுப்பில் மிகவும் பாடுபட்டுக் கற்றுக்கொண்டவள் அவள்தான். சித்திரை பிறந்தபோது கற்றுவிட்டாள்.

செமஸ்டரின் கடைசி வியாழன். வெயில் காய்ந்தது, மின்விசிறி சுற்றியும் காற்று இல்லை. அன்றைய கல்வெட்டு, கோயிலில் அணையாமல் எரிய வேண்டிய நந்தா விளக்குக்கு ஆடுகள் விட்டது பற்றியது. 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வரும். சாகாத, மூப்படையாத ஆடுகள். விளக்குக்கு நெய் அளக்க வேண்டிய இடையரிடம் ஆடுகளை ஒப்படைப்பார்கள். ஆடு செத்தாலும் எண்ணிக்கை குறையக் கூடாது. மாணவர்கள் வாதாடி முடித்தார்கள். ஹமீதா உட்கார்ந்தபடியே முடிவுரை தொடங்கினார்.

"ஆடு சாகும். எண்ணிக்கை சாகாது. விளக்கும் அணையாது. அப்படின்னா அந்த இடையன்..."

நின்றார்.

நோட்டில் எழுதினேன்: 2.41, ஹமீதா நின்றார்.

வகுப்பு அசையவில்லை. அவர் தலை சற்றே தாளின் மேல் சாய்ந்திருந்தது. யோசிக்கிறார் என்று நினைத்தேன். வலது கை மேசை விளிம்பிலிருந்து மடிக்கு நழுவியது. மாசியில் பார்த்த முகம் எனக்கு அப்போது தெரிந்ததா என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும், இப்போது பேசிவிடுவார், அன்றைக்குப் பேசினாரே என்று இருந்தேன்.

இரண்டாவது நிமிடத்தில் ரேவதி எழுந்தாள். "மேடம்? மேடம், என்ன பண்ணுது?"

நான் கையை உயர்த்தினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். 'பொறு' என்று வாயசைத்தேன். அவள் உட்கார்ந்தாள்.

2.45க்கு ஹமீதா நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்தார். அவர் தரையைத் தொடும் முன் போய்ப் பிடித்தவளும் ரேவதிதான்.

மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் கேட்டார்: "இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா? பேச்சு நின்னு போறது, கை தளர்றது?"

"இல்லைங்க டாக்டர்" என்றார் ஜாபர்.

"வந்துச்சு" என்றேன் நான். "மாசியில."

ஜாபர் என் பக்கம் திரும்பினார். மருத்துவர் பேனாவை மூடினார். "அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா மருந்துலயே தடுக்கப் பாத்திருக்கலாம்மா. இன்னைக்கு நாலு நிமிஷம் போனதைச் சொல்லி அந்தப் பொண்ணு வெளியில அழுதுட்டிருக்கு. அந்த நாலு நிமிஷத்துல பெரிசா ஒண்ணும் மாறியிருக்காது. ரெண்டு மாசம் போச்சு பாருங்க, அதுதான்."

ஜாபர் திட்டவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

ஹமீதாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு துண்டு துண்டாக வந்தது. ரேவதி பல்கலைக்கழகத்துக்கு வருவதை நிறுத்தினாள். கடைசிக் கட்டுரையை ஒப்படைக்கவில்லை. போன் எடுக்கவில்லை. மன்னார்புரத்தில் அவள் வீட்டுக்குப் போய் மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"என்னைச் சமாதானப்படுத்துறதுக்காகச் சொல்றீங்க மேடம்" என்றாள். "நான் எந்திரிச்சேன். எனக்குத் தெரிஞ்சுது. அப்புறம் ஏன் உட்கார்ந்தேன்?"

அதற்கு என்னிடம் இருந்த பதில் என் கைதான். அதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. ஆடி மாதம் ஒரு மாலையில் வற்புறுத்திப் பாலக்கரைக்கு அழைத்துப் போனேன்.

ஹமீதா கட்டிலில் தலையணை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் வாய் திறந்தால் போதும், ஜாபரின் மனைவி சொற்களை எடுத்து எடுத்துக் கொடுத்தார். நாத்தனாரை அவர் மச்சி என்றுதான் கூப்பிடுவார். "தண்ணியா மச்சி? டீயா? ஃபேன் கூட்டணுமா?" ஹமீதா இடது கையை வீசி வேண்டாம் என்றார். ரேவதி கதவோரத்தில் நின்றாள்.

"உன்... பேப்பர்" என்றார் ஹமீதா.

"எழுதல மேடம்."

"ஏன்?"

"நான் அன்னைக்கு எந்திரிச்சேன் மேடம். அப்புறம் உட்கார்ந்துட்டேன்."

ஹமீதாவின் வாய் ஒரு சொல்லைத் தேடியது. நேரம் போனது. நான் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த வீட்டில் அன்று நான் காத்திருந்தது போல வகுப்பில் ஒரு நாளும் காத்திருந்ததில்லை.

"யாரு... உட்காரச்..."

"நான்தான் ஹமீதா" என்றேன். "நான்தான் கையைக் காட்டினேன். மாசியில பாத்ததையும் யார்கிட்டயும் சொல்லல."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்தது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஒரு தாளைப் படிப்பது போலப் பார்த்தார். பிறகு, "நான்தான்... சொல்லாதீங்கன்னேன்" என்றார். ரேவதியின் பக்கம் திரும்பினார். முகத்தின் ஒரு பாதி சிரித்தது.

"அக்கா சொன்னா... உட்கார்ந்துடுவியா? இனிமே... உட்காராத. புதன்கிழமை... பேப்பர்."

புதன்கிழமை பதினொன்றரைக்கு ரேவதி கட்டுரையோடு அந்த வீட்டு வாசலில் நின்றாள். ஹமீதா அதை மூன்று நாள் வைத்துப் படித்தார் என்று ஜாபர் சொன்னார். ஆனாலும் அந்தப் பெண் பழைய ரேவதியாகத் திரும்பவில்லை. யாரோடு பேசினாலும், பாதியில் நிறுத்தி எதிராளியின் அனுமதியை எதிர்பார்ப்பது போல நின்றாள். அவ்வளவு வேகமான நாக்கு அது.

ரேவதி, இதை நீ படிப்பாய். மருத்துவர் சொன்னது பொய் அல்ல. நான்கு நிமிடத்தில் உனக்குப் பங்கில்லை. அதுவும் என் கை செய்தது. இரண்டு மாதம் முழுக்க என்னுடையது. ஒரு வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு சிநேகிதியைக் காப்பாற்றாமல் விட்டேன். ஹமீதாவின் விதியில் தவறு இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவர் காத்திருந்தபோதெல்லாம் பேசுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை பாலக்கரையில் அந்தச் சந்து நிறைய ஆட்கள். பெண்கள் கூடத்தில் இருந்தோம். வெள்ளைத் துணியில் அவர் முகத்தைக் கடைசியாகக் காட்டினார்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தது. ஆண்கள் அவரைக் கிடத்திய சந்தூக் பெட்டியைத் தோளில் ஏற்றிக் கலிமா சொல்லிக்கொண்டு வெளியே கிளம்பினார்கள். அடக்கத் தலம் வரை பெண்கள் போவதில்லை என்பதால் வாசலோடு நின்றோம்.

ரேவதி என் பக்கத்தில் நின்றிருந்தாள். சந்தூக் நாலைந்து வீடு தாண்டியதும் செருப்பில்லாமல் தெருவில் இறங்கினாள்.

"மேடம்!"

அத்தனை பேருக்கும் கேட்டது. பின்னால் போன ஆண்கள் சிலர் திரும்பினார்கள். ஒரு மூதாட்டி வேகமாக இறங்கி வந்தார். "கத்தக் கூடாதும்மா, போறவங்க ரூஹுக்கு ஆகாது" என்று அவள் தோளைப் பிடிக்கக் கை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்கம்மா, கூப்பிடட்டும்" என்றேன்.

"மேடம்! மேடம்!" என்று கூப்பிட்டாள். குரல் உடையவில்லை. வகுப்பில் முதல் வாரம் இருந்த அதே குரல். ஊர்வலம் நிற்கவில்லை. வெள்ளைத் தொப்பிகளுக்கு மேலே சந்தூக்கை மூடிய பச்சைத் துணி ஆடி ஆடிப் போய்ச் சந்தின் முனையில் திரும்பியது. திரும்பிய பிறகும் அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

போய் வாருங்கள், ஹமீதா.